‘வேண்’ வரைக்கும் வந்த ஈமெயில் பத்திரிகை

சேத்தூர்
14-9-1999

சென்னையில் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்தும் அன்பு மச்சினன் சங்கிலிப்பாண்டிக்கு, சைக்கிள் கடை ஆண்டிச்சாமி எழுதிக்கொண்டது. நானும் உன் அக்காவும் சுகம். கடைக்கு வரும் டியூப்களைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை சோறும் ஈமெயிலில்தானா?

விஷயம் பெரிசு மாப்ள! நம்ம நாய் வளர்ப்போர் சங்கத்துக்கு மாசாமாசம் நீ அனுப்பும் ஈமெயில் பத்திரிகையை ராஜபாளையத்தில் ஜமால் முகமது பாய் தன் கம்ப்யூட்டர் சென்டரில் திறந்து காட்டினார். அடேயப்பா, மஞ்சள் எழுத்து மின்னுது, நாய்ப் படம் வாலை ஆட்டுது! அதையே பேப்பரில் அடித்துக் கொடுத்தார். வால் நின்னுபோச்சு, மஞ்சள் எழுத்து மாயமாப் போச்சு. ‘மேலும் படிக்க இங்கே அமுக்கவும்’ மட்டும் கருகருவென்று நிக்குது. கடைச் சுவரில் ஒட்டினேன். சங்கத்து ஆள்கள் ஒவ்வொருத்தரா வந்து கட்டைவிரலால் அமுக்கி, ரெண்டே நாளில் அந்த இடத்தில் ஓட்டை. நம்ம பால்சாமி கேக்கான், “அண்ணாச்சி, கரண்டு இல்லாததால ஒண்ணும் வரலையோ?”

அது சிரிப்போடு போச்சு. ஞாயிற்றுக்கிழமை மகள் பரிபூரணத்துக்கு நிச்சயதார்த்தம் என்று அதே பத்திரிகையில் போட்டாயே, கடைசி வரி என்ன? ‘நாய்களைக் கூட்டிவர வேண்டாம்’. கிருஷ்ணன்கோவில் சம்பந்தியம்மா பெத்தம்மாளுக்கு நாய் என்றாலே நடுக்கம், இந்தச் சம்பந்தம் முறிந்தால் உன் அக்கா என்னை வீட்டில் சேர்க்கமாட்டாள் என்று நான்தான் போனில் கெஞ்சிப் போடச் சொன்னேன். மத்த வரியெல்லாம் குட்டை, தப்பிச்சது. நீ நீட்டி முழக்கிய அந்த வரிக்கு மட்டும் ஓரம் காணோம். சுவரில் இருந்தது ‘கூட்டிவர வேண்’. அம்புட்டுதான்! நாய் வளர்க்கிறவன் அதை என்னன்னு படிப்பான்? வேண்டும் என்றுதான்!

பதினொரு நாய் மாப்ள! அம்புட்டும் வெள்ளைவெளேர்னு, நெத்தியில சந்தனப் பொட்டு வச்சு வருது. தாம்பாளத்தைக் கையில் எடுத்த பெத்தம்மாள் தாம்பாளத்தோடு அவிய வந்த டிராக்டரில் ஏறிட்டாவ. “ஏலே வேலுசாமி, வண்டிய எடு! இந்தச் சம்பந்தமே வேண்டாம்!” அன்னைக்கு ‘வேண்டாம்’ என்பதை முழுசாச் சொன்னது அவிய ஒருத்தர்தான். எடுக்கவேண்டிய அவிய மகன், கல்யாண மாப்பிள்ளை வேலுசாமி, டிராக்டருக்கு அடியில். பட்டுச்சேலையோடு பரிபூரணம் வெளியே வந்து, “ஏலே, படுங்க!” என்று ஒரு அதட்டல். பதினொன்றும் வரிசையாப் படுத்துட்டு. பால்சாமியும் உக்காந்துட்டான். பெத்தம்மாள் மேலே நின்னபடியே, “எம்மவன் நான் சொன்னா எங்க கேக்கான்? இவதான் அவனுக்குச் சரி. தட்டைப் பிடிங்க!” என்றாவ. டிராக்டர் மேலேயே தட்டு மாத்தியாச்சு! ஐப்பசியில் கல்யாணம்!

ஆகையால் கல்யாணச் செய்தியை ஒல்லியா, ஒரே பத்தியா, கறுப்பு எழுத்தில் போடு. யாரையும் அமுக்கச் சொல்லாதே, சொல்லவேண்டியதை அங்கேயே சொல்லு. ‘வேண்டாம்’ என்பதை வரியின் தலையில் வை. வாலில் வச்சால் வெட்டுப்படும்.

தாய்மாமன் நீ இந்தத் தடவையாவது லீவோடு வந்து சேர். ஸ்ரீவில்லிபுத்தூர் திருவண்ணாமலைப் பெருமாள் உன்னையும் உன் கம்ப்யூட்டரையும் கரண்டு போகாமல் காக்கட்டும்.

இப்படிக்கு
உன் மச்சான் ஆண்டிச்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை டப்பாவைத் தூக்கினேன். அடியில் நீளமா ஒரு பேப்பர்த் துண்டு. அதில் ‘டாம்’ என்று இருக்கு. இப்பத்தான் நெனப்பு வருது மாப்ள. கதவுக்கும் பம்புக்கும் நடுவில் பத்திரிகை அடங்கலைன்னு டியூப் வெட்டுற கத்தரியால் ஓரத்தை நறுக்கினது நான்தான். தாளில் இடமும் தீர்ந்துபோச்சு. இந்தக் கடிதத்தை மட்டும் உன் அக்காவிடம் காட்ட வேண்