முதலாளி நெஞ்சில் பூஞ்சை

“பூஞ்சைன்னா... ஊறுகாய் மேல வெள்ளையாப் பூக்குமே, அதுங்களா டாக்டர்?”

“அந்த ஜாதிதான். அதோட தூள் காத்துல பறக்கும். உங்களுக்கு ஒத்துக்கலை. மூக்கு, சைனஸ், நுரையீரல் எல்லாத்துலயும் அலர்ஜி. ஈரமான இடத்துப் பக்கமே போகாதீங்க.”

கடைசி வாக்கியம் குமரகுருவின் காதில் ஏறவில்லை. குமாரபாளையம் ‘மைதிலி டெக்ஸ்’ விசைத்தறிப் பட்டறையின் அதிபர், தன் நெஞ்சுக்குள் மூடி திறந்த ஊறுகாய் ஜாடி ஒன்றைப் பார்த்துவிட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஊறுகாய், தோசை மாவு, பழைய தலையணை எல்லாம் தெருவுக்குப் போயின.

“ஏனுங்க, காத்தால அரைச்ச மாவுங்க!” என்றாள் மனைவி மைதிலி.

“எனக்கு மூச்சு நிக்கப் போகுது. உனக்கு மாவு பெருசாப் போச்சா?”

மூச்சு நிற்கவில்லை, விசிலடித்தது. குமரகுரு நடுங்கிப்போனார். நடுங்கினால் அவருக்கு யோசனை வரும். காற்று காய்ந்தால் தறியில் நூல் அறும். அதற்காகவே பட்டறையில் சாரலடிக்கும் விசிறிகள் ஓடுகின்றன.

“நூலுக்குள்ள நியாயந்தானே மூச்சுக்கும்? காஞ்சாத்தான் அறும்!”

ஒரு விசிறி கழன்று படுக்கையறைக்கு வந்தது.

நாலே நாளில் சுவரெல்லாம் கருப்புப் பூஞ்சை. மெத்தை நாறியது. விசைத்தறி முதலாளிகள் சங்கத் தலைவராக இருபது வருடம் மைக்கை விடாத மனிதருக்கு, ரெண்டு வார்த்தைக்கு மேல் சேர்ந்து வரவில்லை.

“ஊட்டுல இருந்தா... செத்துருவேன். பட்டறையில... கட்டிலைப் போடு. இத்தன வருசமா... அங்க எவனுக்கு... என்ன ஆச்சு?”

பட்டறையில் மிச்ச விசிறிகள் அத்தனையும் சாரலடித்தன. தரை சொதசொதவென்றிருந்தது. அரை மணியில் உதடு நீலம் பாரித்தது. கண்ணுக்குள் தன் இரங்கல் கூட்டம் தெரிந்தது. மேடையில் எதிர்கோஷ்டி தனசேகர் பேசிக்கொண்டிருந்தான். அவருக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு அடைத்தது.

தறிக்காரர்கள்தான் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மைதிலி மருந்து வாங்கப் போயிருந்தாள். ‘பொழைப்பேனா?’ என்று குமரகுரு கண்ணாலேயே நர்ஸ் சரிதாவைக் கேட்டார்.

அவள் ஆம்புலன்ஸ்காரர் எழுதிய சீட்டைப் பார்த்தாள். பேர் இல்லை, பட்டறை விலாசம் மட்டும் இருந்தது. பரிவோடு குனிந்தாள்.

“மைதிலி டெக்ஸுங்களா? பயப்படாதீங்ண்ணா, இந்த வருசம் அங்கிருந்து வர்ற பன்னண்டாவது ஆளு நீங்க, எல்லாருமே பொழைச்சுட்டாங்க... ஆனா லீவு மட்டும் கேட்டுறாதீங்க, உங்க மொதலாளி ‘நடிக்காதடா’ம்பாராமே!”