மருமகளின் அரை ஊசி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் என் மனைவி, என் மகன், தங்கள் மகள் மூவரும் சௌக்கியம். நான் மட்டும் அப்படி இல்லை. தாங்களும் சம்பந்தியம்மாளும் பூரண ஆரோக்கியத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த ஆரோக்கியத்தை ஒரு பத்து நாளைக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

குதிரை ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் மயக்க ஊசி போட்டவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். கல்யாணம் பேச வந்த அன்றே இரண்டு மணி நேரம் சொன்னேன், தாங்களும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டீர்கள். குதிரைக்குத் தொண்டையில் கோளாறு என்றால் மூக்கு வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்ப்பார்கள். எந்தக் குதிரை அதற்குச் சும்மா நிற்கும்? அதனால்தான் ஊசி. கீழே விழாமல் நின்றபடியே அது கிறங்க வேண்டும். நான் போட்டால் உதடு தொங்கி, தலை முழங்கால் வரைக்கும் இறங்கி, குறட்டையே விடும். என்னைத் 'தாலாட்டு' என்றுதான் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்குத் தங்கள் மகளைச் சிபாரிசு செய்தவனும் நான்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். எனக்கு யானை அளவுக்கு உடம்பு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது வீட்டில் ஃபோன் அடித்தால் நான் எடுக்கிறேன். "அம்மா இருக்காங்களா?" என்கிறார்கள். எந்த அம்மா என்றால், "குதிரைக்கு ஊசி போடுற அம்மா" என்கிறார்கள். "அந்த வேலையை முப்பத்தொரு வருஷம் நான் பார்த்திருக்கேன்" என்று சொன்னால், "அப்படியா, சந்தோஷம் ஐயா. அம்மா வந்ததும் சொல்லிடுங்க" என்று வைத்துவிடுகிறார்கள். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அவள் அன்றைய குதிரையைப் பற்றிச் சொல்கிறாள். என் மகன் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் கேட்கிறான். இதே கதைகளை நான் சொன்ன காலத்தில் அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு கை கழுவப் போனவன். என் மனைவியோ, "அவ சொன்னா புரியுதுங்க" என்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது சம்பந்தி. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், தங்களிடம் சொல்கிறேன்.

போன திங்கட்கிழமை பொறுக்க முடியாமல், அவள் மறந்து வைத்துவிட்டுப் போன குடையைக் கொடுக்கிற சாக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிணுங்கிக்கொண்டு ஒரு பெண்குதிரை, நகராமல் நிறுத்தும் கட்டைச் சட்டத்துக்குள் நின்றது. தங்கள் மகள் ஊசியில் மருந்தை ஏற்றினாள். நான் போடுவதில் பாதிகூட இல்லை. கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு உண்டு. ஊசி போட்டபின் ஐந்து நிமிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது, சத்தம் கேட்டால் கிறக்கம் கலைந்துவிடும். தலை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வாய் நிற்கவில்லை. "இது ஆட்டுக்குட்டிக்கே பத்தாதே" என்றேன். குதிரை விசுக்கென்று தலையைத் தூக்கி ஓர் உதை விட்டது. வாளி பறந்து, குழாயோடு காத்திருந்த புது டாக்டரின் முழங்காலில் பட்டது. அவர் பின்னால் நகர்ந்து குழாய் கழுவும் தொட்டியில் உட்கார்ந்துவிட்டார். தங்கள் மகள் கோபிக்கவில்லை. "மாமா, சுவத்துல இருக்கிற பலகையில என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்" என்றாள், அவ்வளவு மெதுவாக. 'பேசாதே' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.

பிறகு எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். கிறங்கிய குதிரையின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்பது. அரிசி மூட்டைக் கனம். எச்சில் சட்டைக்குள் இறங்கி இடுப்பு வரைக்கும் வந்தது. டாக்டர் திரையைப் பார்த்து, "ரொம்பத் தெளிவாத் தெரியுதும்மா" என்றார். தலையைத் தாங்கியது யார், பாராட்டு யாருக்கு என்பதைக் கவனியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வியாழக்கிழமை, பிறந்து இரண்டு வாரமே ஆன ஒரு குட்டியைக் கொண்டுவருகிறார்கள். பால் குடித்தால் மூக்கு வழியாக வருகிறதாம். குட்டிக்கு ஊசி போட வேண்டுமானால் முதலில் தாய்க்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் அது சுவரை இடித்துவிடும். தாய்க்கு ஓர் அளவு, பிள்ளைக்கு ஓர் அளவு, நேரம் பிசகக் கூடாது. வெளியூரிலிருந்து பெரிய டாக்டர் ஒருவர் மாணவர்களோடு பார்க்க வருகிறார். அந்த ஊசியை நான் போட வேண்டும். ஒரே ஒரு தடவை. ஆகவே தாங்கள் செவ்வாய்க்கிழமை படுத்துக்கொண்டு மகளை வரச்சொல்ல வேண்டும். நெஞ்சுவலி வேண்டாம், ஆம்புலன்ஸோடு வந்துவிடுவாள். தலைசுற்றல் போதும். அவள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

மேற்படி பத்து நாள் நீங்கலாக, தாங்கள் நோய்நொடியின்றி நூறாண்டு வாழ வேண்டுகிறேன். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். இதை அவர்களிடம் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் மறவாத சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபாலில் போடப் போனேன். தெருமுனையில் புது டாக்டர் நொண்டிக்கொண்டு வந்து ஒரு சேதி சொன்னார். குதிரையேற்றப் பள்ளியில் ஒரு வெள்ளைக் குதிரை இருக்கிறது. நான் வேலையில் இருந்த கடைசி வருடம் அதற்குத் தொண்டையில் ஒரு பக்கம் அசையவில்லை என்று கண்டு, இனி ஓடவே கூடாது என்று லாயத்தில் கட்டிவிட்டார்கள். நேற்று தங்கள் மகள் அரை ஊசி போட, மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்களாம், இரண்டு பக்கமும் நன்றாக அசைகிறதாம். "பழைய குழாய் மங்கலா இருந்திருக்கு, அதான் அப்ப தப்பாத் தெரிஞ்சிருக்குன்னு உங்க மருமகதான் சொன்னாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அவளிடம், ஏன் அரை ஊசி என்று கேட்டேன். "மருந்து கூடினா தொண்டையும் சேர்ந்து தூங்கிடும் மாமா. நல்ல தொண்டைகூட நோய்த் தொண்டை மாதிரி தெரியும்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

குழாய் மங்கல் இல்லை சம்பந்தி. தினமும் துடைத்து வைத்தவன் நான். அந்தக் குதிரைக்கு எவ்வளவு போட்டேன் என்பதும் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அவளைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். தாங்கள் படுக்க வேண்டாம். நிஜமாகவே தலை சுற்றினாலும் வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், மகளிடம் மூச்சுவிடாதீர்கள். ஊசியை அவள்தான் போட வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் யாருடைய மானத்தைக் காப்பாற்றவும் நான் அவள் சொன்னதுபோல் ஒரு பொய் சொன்னதில்லை. அதிலும் என்னை மிஞ்சிவிட்டாள் என்று, நிஜத்தைச் சொன்னால், இப்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது.