வாலுக்குள் ஒரு ஆன்டெனா

இனி மனைவிக்குப் பயப்படுவதில்லை என்று தீர்மானித்தேன். கார் கொட்டகையில் வருடக்கணக்காகத் தட்டித் தட்டி நானே கட்டிய விமானம் பறக்கத் தயாராகிவிட்டதே! எங்கள் அமெரிக்க அயோவா மாநிலத்தில் சொந்த விமானம் வைத்திருப்பவன் சனிக்கிழமையானால் எங்காவது பறந்துபோய் ஒரு பர்கர் தின்றுவிட்டு வருவான். விமானமே அதற்குத்தான். எனக்கோ டாக்டர் பர்கரைத் தடை செய்திருந்தார். டாக்டரை ஏமாற்றிவிடலாம். என் மனைவி மார்லிஸை?

"பறக்கணும்னா இதை மாட்டணும்" என்று ஒரு ரேடியோப் பெட்டியையும் முழ நீள ஆன்டெனாவையும் நீட்டினாள். விமானம் இருக்கும் இடத்தை அது சொல்லிக்கொண்டே இருக்குமாம். இவள் சமையலறையில் உட்கார்ந்து வரைபடத்தில் பார்ப்பாளாம்.

"எதுக்கு?"

"விழுந்தா எங்க தேடுறது?"

"நான் ஏன் விழப்போறேன்?"

"கட்டினது நீங்கதானே!"

 உடனே ஒரு யோசனை உதித்தது. விமானத்தின் வால் முழுக்க அலுமினியத் தகடு. உள்ளே ஆன்டெனாவை வைத்தால் சிக்னல் வெளியே வராது.

"வாலுக்குள்ளதான் பத்திரம்" என்றேன், பால் வடியும் முகத்தோடு.

"அப்படியே வைங்களேன்."

அங்கேதான் இடித்தது. தோள் நுழைந்தது, வயிறு வரமாட்டேன் என்றது. தகடுகளை இணைக்க ரிவெட் ஆணி அடித்த காலத்திலும் நான் வெளியே நின்று அடிக்க, வாலுக்குள் படுத்து இரும்புக்கட்டையை முட்டுக்கொடுத்தவள் அவள்தான்.

"நகருங்க" என்று மார்லிஸே ஆன்டெனாவோடு உள்ளே ஊர்ந்தாள். டொக், டொக். வெளியே வந்து தூசி தட்டினாள். "மாட்டியாச்சு."

பாவம், இப்படி ஏமாறுகிறாளே என்று எனக்கே மனசு கேட்கவில்லை.

சனிக்கிழமை அடுத்த மாவட்டத்து ஓடுபாதை ஓரத்துப் பர்கர் கடைக்குப் பறந்தேன். தின்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

"எங்க சுத்துனீங்க?"

"நம்ம ஊருக்கு மேலேயேதான். ஏன், வரைபடத்துல தெரியலையா? என்ன பெட்டியோ!"

"நல்லாவே தெரிஞ்சுது. பர்கர் கடை வாசல்லயே ஒரு மணி நேரம் நின்னீங்க. ரெண்டா, மூணா?"

"ரெண்டுதான்" என்று உளறிவிட்டேன். "ஆனா... வாலுக்குள்ளேருந்து எப்படி...?"

"அது இப்ப றெக்கை நுனியில இருக்கு. அங்கதான் தகடு கிடையாது, வெறும் ஃபைபர்தான், சிக்னல் வெளிய போகும். நீங்க ஃபுட்பால் பாத்துட்டிருந்தப்ப மாத்திட்டேன். அந்தத் தகர டப்பாவுக்குள்ள எத்தனை நாள் கிடந்திருப்பேன்! ஒரு போன் கால் வந்திருக்குமா எனக்கு?"

நான் றெக்கையைப் பார்க்கக் கிளம்பினேன்.

"வாலுக்குள்ள வேற ஒண்ணு வச்சிருக்கேன்" என்றாள்.

"என்னது?"

"உள்ள போய்ப் பாருங்க."

வெளியிலிருந்து டார்ச் அடித்தேன். கடைசித் தடுப்புக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. என் விமானத்தின் வாலுக்குள் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாவிட்டால் தூக்கம் வருமா? பர்கரை விட்டேன். இலை தழை தின்றேன். பேன்ட் நழுவத் தொடங்கிய ஒரு நாள் வயிறு ஒருவழியாக உள்ளே போனது. மூலை முடுக்கெல்லாம் தேடினேன்.

ஒன்றுமே இல்லை.

பின்புறமாக ஊர்ந்து வெளியே வந்தேன். எடை பார்க்கும் இயந்திரத்தோடு மார்லிஸ் நின்றிருந்தாள்.