வெற்றிலைக்கு ஒருவர், பாக்குக்கு ஒருவர்

பத்து பாகாட், ஜொகூர்
1934 ஆனி மாதம்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சரவணமுத்து அத்தானுக்கு, தங்கள் தங்கை செல்லப்பாக்கியத்தின் கணவன் ஐயாத்துரை பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் இருவரும் தேக சுகத்தோடு இருக்கிறோம். அவ்விடத்திலும் அப்படியே இருக்க முருகன் துணை செய்வாராக. என் மனச் சுகம் எப்படி என்பதை இனித்தான் சொல்ல வேண்டும்.

ஜொகூர் பாருவில் வக்கீல் கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டு எங்கள் வாசிகசாலைச் சங்கத்துக்கு விதிகள் எழுதித் தந்தவர் தாங்கள். அந்த விதிகளைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்கும் துணிவு எனக்கே வந்திருக்கிறதென்றால் இங்கே நிலைமை எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று தாங்களே விளங்கிக்கொள்ளலாம். சங்கம் தொடங்கிய நாள் முதல் கனகசபைதான் தலைவர். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர், எனக்கு அடுத்த வீட்டுக்காரர், மாலையில் என்னோடு ஆற்றங்கரை வரை நடப்பவர். ஆண்டுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழும்பி, "கனகசபையர் இருக்கட்டும்" என்பார். எல்லோரும் தலையாட்டுவோம். உடனே வடை வரும். ஒருவருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை, அத்தான். இலங்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு வந்துவிட்டதாம், நாங்கள் இங்கே தலையாட்டிக்கொண்டு இருக்கிறோமே என்று காரியதரிசியாகிய நான் ஒரு புது விதி கொண்டுவந்தேன். போட்டியில்லாமல் ஒருவரும் தலைவராகக் கூடாது. அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். போட்டிக்கு நிற்கத்தான் ஒருவரும் வரவில்லை. விதி கெட்டுப்போகாமல் இருப்பதற்காக, வெல்லும் எண்ணம் துளியும் இல்லாமல், நானே நின்றேன். கனகசபையிடம் முன்கூட்டியே சொன்னேன். "நில்லும் காணும், ஆர் வேண்டாம் எண்டது?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த இடத்திலேயே நான் விட்டிருக்க வேண்டும்.

இரகசிய வாக்கு என்றால் கடதாசியில்தான் நடத்த வேண்டும். ஆனால் எங்கள் அங்கத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அரசாங்கக் கிளாக்கர்மார். வாழ்நாள் முழுக்க ஒருவர் கையெழுத்தை மற்றவர் வாசித்தே சம்பளம் வாங்கியவர்கள். பெயருக்கு நேரே வெறும் புள்ளடிக் குறி போட்டாலே, "இது இன்னார் போட்டது, அவருக்குத்தான் கோடு இடப்பக்கம் சரியும்" என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே நான் இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். செல்லப்பாக்கியத்தின் சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் ஒரு குடமும் வெற்றிலைத் தட்டமும் வைத்தேன். கனகசபை வேண்டுமென்றால் குடத்துக்குள் வெற்றிலை. நான் வேண்டுமென்றால் பாக்கு. இதில் யார் என்ன பிழை விட முடியும்?

முதலில் உள்ளே போனவர் தங்கரத்தினம் அக்கா, ஆசுபத்திரியில் தாதியாக இருந்தவர். வெளியே வந்ததும் சபை முழுக்கக் கேட்கும்படி, "வெறும் வெத்திலையை மட்டும் வைக்கிறதோ? நல்ல காரியத்திலை அது மரியாதையே? நான் ரெண்டையும் சேர்த்துத்தான் வைச்சனான்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு போனவர்கள் எல்லோரும் மரியாதைக்காரர்களாகிவிட்டார்கள். ஒருவர் சுண்ணாம்பும் தடவி மடித்து வைத்திருந்தார். அது செல்லுமா செல்லாதா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. நான் மரியாதைக்காகக் கனகசபைக்கு வெற்றிலை வைத்தேன். அவரும் மரியாதைக்காக எனக்குப் பாக்கு வைத்திருக்கிறார். குடத்தைக் கவிழ்த்து எண்ணினால் வெற்றிலையும் பாக்கும் சரிசமம்.

அப்படிச் சமமாக வந்தால் முடிவு வாக்கு தலைவருக்கு என்று தாங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். தமக்கே போட்டுக்கொண்டு வடையைக் கொண்டுவரச் சொல்லுவார் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். மனிதர் எழும்பிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். "அப்ப என்ரை வாக்கு ஐயாத்துரைக்கு" என்றார். வாசிகசாலைக் கதவுப் பூட்டின் திறப்பை என் கையில் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு, வடையைத் திரும்பியும் பாராமல் போய்விட்டார்.

அத்தான், அன்றைக்குப் பிறகு நான் வயிறாரச் சாப்பிடவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் வாசல் படலையடியில் ஆள் நிற்கிறது. பேப்பரை முதலில் யார் வாசிப்பது என்று சண்டை பிடித்தவர்கள், மாப்பிள்ளை தேடுகிறவர்கள், எல்லோரும் என்னிடம் வருகிறார்கள். கூரை ஒழுகுகிறது என்று கட்டடச் சொந்தக்காரச் சீனரிடம் போனேன். "தலைவர் புதுசு, கூரை பழசு லா" என்று சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். கனகசபை முகம் கொடுத்துக் கதைக்காததைத்தான் பொறுக்க முடியவில்லை. மனைவி இல்லாத மனிதர், பிள்ளைகள் இரண்டும் சிங்கப்பூரில். அந்தத் தலைவர் நாற்காலி ஒன்றுதான் அவருக்கு இருந்தது, அதையும் நான் பறித்துவிட்டேன். மாலையில் நான் படலையைத் திறந்தால் அவர் உள்ளே போய்விடுகிறார். நேற்றுச் சந்தையில் என்னைக் கண்டதும் மீன்கடைக்குள் புகுந்துகொண்டார். சுத்த சைவக்காரர், அத்தான்! எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

ஆகையால் தேர்தலின் நேர்மையைக் காப்பாற்றத் தாங்கள் உடனே விதிகளைத் திருத்தித் தர வேண்டும். வாக்கில் மரியாதை பார்க்கக் கூடாது. வெற்றிலை பாக்கோடு சம்பந்தப்பட்ட எதையும் வாக்காகப் பாவிக்கக் கூடாது. முடிவு வாக்கை எதிராளிக்குப் போட்டுவிட்டு எழும்பிப் போகக் கூடாது. வெல்ல விரும்பாதவன் வென்றால் அவன் தோற்றவனாகவே கருதப்பட வேண்டும். இதெல்லாம் போன கூட்டத்துக்கு முதல் நாளிலிருந்தே அமுலுக்கு வந்ததாக எழுத வக்கீல் பாஷையில் வழி இருக்குமென்று நம்புகிறேன். முடிந்தால், தேர்தலுக்கு முன் சிநேகிதராய் இருந்தவர்கள் தேர்தலுக்குப் பின்னும் அப்படியே இருக்கக் கடவர் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தங்கள் வீட்டில் அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். தங்கள் ஆசீர்வாதம் எனக்கு இப்போது மிகவும் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
தாங்கள் எழுதிய விதியால் தலைவராகிய
ஐயாத்துரை

பிற்குறிப்பு: மேலே எழுதியதை வாசித்துக் காட்டியதும் தங்கள் தங்கை, "அண்ணை திருத்தி அனுப்புறதுக்கிடையிலை அடுத்த வீட்டுக்குப் போய்க் கதைச்சிட்டு வரலாமே?" என்றாள். போனேன். கனகசபை கதவைச் சாத்தப் பார்த்தார். நான் காலை உள்ளே வைத்துவிட்டேன். "என்னை மன்னியும், தலைவர் பதவியைத் திரும்ப எடும்" என்றேன். மனிதர் முகம் வெளிறிவிட்டது. "இதைக் கேப்பீர் எண்டுதானே காணும் உமக்கு ஒளிச்சுத் திரிஞ்சனான்! எப்பிடி விலகிறதெண்டு சரவணமுத்தற்றை விதியளை எத்தினை தரம் புரட்டிப் பாத்தனான் தெரியுமே? ஒரு வழியும் இல்லை. நீர் எலக்சன் கொண்டுவந்தீர், நான் தப்பினன். இப்பதான் மத்தியானத்திலை நித்திரை கொள்ளுறன்" என்றார்.

ஆகையால் மேற்சொன்ன திருத்தங்கள் ஒன்றும் வேண்டாம், அத்தான். தலைவர் விலகுவது எப்படி என்று ஒரே ஒரு விதி போதும். அதைச் சபையில் எதிர்த்துப் பேசப் போவதாகக் கனகசபை இப்போதே சொல்லிவிட்டார். நடக்கவாவது வாரும் என்று கெஞ்சினேன். "வாறன், ஆனால் தலைவரோடை சேர்ந்து போனால் முறைப்பாட்டுக்காரர் என்னையும் பிடிப்பினம்" என்றார். ஆகவே இன்று மாலை ஆற்றங்கரைக்கு நான் முன்னால் நடந்தேன். அவர் தெருவின் மற்றப் பக்கத்தில், குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, யாரோ எவரோ போலப் பின்னால் வந்தார்.