டிவி இல்லாத ஊர்

மாரிஸ் மணியை அடித்ததும், உள்ளே அழுதுகொண்டிருந்த கதாநாயகி பாதி வசனத்தில் செத்துப்போனாள்.

கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்தது. பூரணம் ஆன்டியின் ஒற்றைக் கண் மட்டும் தெரிந்தது.

"ஆன்டி, யுனிவர்சிட்டியிலேருந்து வரேன். டிவி பாக்கிறதப் பத்தி ஒரு சர்வே..."

"எங்க வீட்டுல டிவி இல்ல."

"கூரை மேல ஏரியல் இருக்கே ஆன்டி?"

"அதுவா? முன்ன குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனது. காக்கா உக்காரும்."

ஆன்டியின் தோளுக்குப் பின்னால் சதுரமாக ஏதோ ஒன்று, பட்டுப்புடவை போர்த்தி, உச்சியில் பிள்ளையாரைச் சுமந்துகொண்டு நின்றது. அவசரத்தில் திருகிய குமிழ் சரியாக நிற்கவில்லை போலிருக்கிறது. புடவைக்குள்ளிருந்து வில்லன் ஒருவன் கடகடவென்று சிரித்தான்.

ஆன்டி கொஞ்சமும் அசரவில்லை. "பூசை நேரம்" என்று சொல்லிவிட்டு, வில்லனைவிடச் சத்தமாகத் தேவாரத்தை எடுத்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

அந்தத் தெரு முழுவதும் இதே கதைதான். தமிழ்ப்படம் போடுகிற நாளில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டில்கூட டிவி இல்லை.

மாரிஸ் படிப்பது ஒலிபரப்பு இதழியல், இரண்டாம் ஆண்டு. ஐம்பது வீட்டில் கேட்டு, யார் என்ன நிகழ்ச்சி பார்க்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போகவேண்டும். தேறினால் டிவி நிலையத்தில் மூன்று மாதப் பயிற்சி. தேறாவிட்டால் அப்பா ஸ்டானிஸ்லாஸ், ரெயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், கிள்ளான் துறைமுகத்துச் சரக்குக் கொட்டகையில் அவனுக்காகவே மூட்டை எண்ணி எழுதும் ஒரு கிராணி வேலையைச் சொல்லி வைத்திருந்தார். "மைக்குல பேசுறதெல்லாம் ஒரு படிப்பாடா?" என்பது அவருடைய அன்றாட ஜெபம்.

நடந்தது என்ன என்பதை மாரிஸுக்கு விளக்கியவள் தெருமுனை ஒட்டுக்கடையில் தேநீர் விற்கும் நல்லம்மாள்.

"ஏன் தம்பி, டையக் கட்டிக்கிட்டு, கையில பேப்பரோட போய் 'டிவி இருக்கா'ன்னு கேட்டா, லைசென்ஸ் செக் பண்ண வந்தவன்னுதான் நெனப்பாங்க. லைசென்ஸ் இல்லாட்டி சமான் எழுதி அபராதம் போட்டுருவான்ல?"

டிவி வைத்திருந்தால் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டவேண்டும் என்பதை ஒலிபரப்புப் படிக்கிற மாணவன் மறந்தே போயிருந்தான். அவன் குடும்பம் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவன் யார் பிள்ளை என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் டையைக் கழற்றி எறிந்தான். பழைய டீ-ஷர்ட், ஜப்பான் சிலிப்பர். காகிதங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"வேஷம் மாத்திட்டு வந்திருக்கான்!" என்று எதிர்வீட்டுத் தங்கமணியின் குரல் ஜன்னலுக்கு ஜன்னல் தாவியது. "சி.ஐ.டி. மாதிரி!"

ஒரு வீட்டில் முறுக்குப் பொட்டலத்தைக் கையில் திணித்து, "வச்சுக்குங்க பாஸ், பெரிசு பண்ணாதீங்க லா" என்றார்கள். பதினோரு வீடு முடிந்தபோது அவனிடம் முறுக்கும் அதிரசமும் ஒரு பை நிறைய இருந்தன. பதில்தான் ஒன்றும் இல்லை.

வெறுங்கையோடு விரிவுரையாளர் ஜெயராஜ் முன்னால் போய் நின்றான்.

"பிரிக்பீல்ட்ஸ்ல டிவியே இல்லையா? மரத்தடியில உக்காந்து நீயே எழுதினியா?" என்றார் ஜெயராஜ். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழுங்கா கொண்டா. இல்ல, ஃபெயில். இந்தா, அறிமுகக் கடிதம். இதக் காட்டினா நம்புவாங்க."

நம்பினார்கள். நன்றாகவே நம்பினார்கள். மலாய்மொழிக் கடிதம், தலைப்பில் சின்னம், அடியில் முத்திரை. இனி சந்தேகமே வேண்டாம், அரசாங்கம்தான் என்று தெருவே முடிவு கட்டியது. மறுநாள் விடிந்தபோது கூரைகளில் ஓர் ஏரியல்கூட இல்லை. காக்கைகள் உட்கார இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை மாலை நல்லம்மாள் கடையில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான் மாரிஸ். சரக்குக் கொட்டகையின் புழுதி இப்போதே மூக்கில் ஏறுவதுபோல் இருந்தது. உண்மையிலேயே அழுகை வந்தது.

எதிரே கோப்பி குடித்துக்கொண்டிருந்த சண்முகரத்தினம் அங்கிளுக்கு மனம் பொறுக்கவில்லை. அவரும் புது ஆள்தான். ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்து, மேல்மாடி அறையில் ஒண்டிக்கட்டையாக இருந்தார். முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஓம், விளங்குது. உன்னக் கண்டு பயப்படுறாங்க. அவங்களுக்கு என்ன பயமோ அது உனக்கும் இருக்குன்னு காட்டு தம்பி. அப்பத்தான் நம்புவாங்க."

மாரிஸ் யோசித்தான். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டு பெஞ்சு மேல் ஏறினான். கடையில் நல்ல கூட்டம். பூரணம் ஆன்டி, தங்கமணி, மாலைத் தேநீருக்கு வந்திருந்த அவனுடைய அப்பா எல்லாரும் இருந்தார்கள்.

"எல்லாரும் கேளுங்க! எங்க வீட்டுல இருபது இன்ச் கலர் டிவி இருக்கு. அஞ்சு வருஷமா லைசென்ஸ் கட்டல! இதோ உக்காந்திருக்காரே, இவர்தான் எங்கப்பா. 'படம் நல்லா இருந்தாத்தான் காசு'ன்னு சொல்லிட்டாரு. நான் லைசென்ஸ்காரன்னா முதல்ல இவரையில்ல புடிச்சிருப்பேன்?"

ஸ்டானிஸ்லாஸுக்குத் தேநீர் மூக்கு வழியாக வந்தது.

பூரணம் ஆன்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, கூட்டம் வெடித்தது.

"அட, நம்ம ஆளு லா!"

"எங்க வீட்டுல இருபத்தாறு இன்ச், எழுதிக்க தம்பி!"

"இருபத்தாறா? எங்களுது ரிமோட் வச்சது!"

போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். இல்லாத டிவியைக்கூட ஒருத்தர் சொன்னார். சண்முகரத்தினம் அங்கிள் தன் பேனாவையே கொடுத்து, கூட்டத்தை வரிசையில் நிறுத்தி உதவினார். கடை மூடுமுன் ஐம்பதும் முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஜெயராஜ் படித்துப் பார்த்து முதுகில் தட்டினார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். பயிற்சியும் உறுதி.

திங்கட்கிழமை காலை சண்முகரத்தினம் அங்கிள் வீடு தேடி வந்தார். மாரிஸுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா சாந்தமேரி ஓடிப்போய்க் கோப்பி கலக்கினாள். மகன் கெட்டிக்காரன் என்று மூன்று நாளாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஸ்டானிஸ்லாஸ், டிவிக்கு எதிரே இருந்த தன் நாற்காலியையே விருந்தாளிக்குக் கொடுத்தார்.

"நீங்க இல்லன்னா நான் கிள்ளான்ல மூட்டை எண்ணிக்கிட்டு இருந்திருப்பேன் அங்கிள்" என்றான் மாரிஸ்.

"அதுக்கென்ன தம்பி" என்றார் அங்கிள். கோப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். மடியில் இருந்த பையைத் திறந்து, சமான் புத்தகத்தை எடுத்துக் கார்பன் தாளைச் சரியாகச் செருகினார்.

"இன்னிக்குத்தான் இங்க எனக்கு முதல் டியூட்டி. டிவி இருக்குன்னு பிரிக்பீல்ட்ஸே சொல்லுச்சு தம்பி. லைசென்ஸ் இல்லன்னு சொன்னது நீ ஒருத்தன்தான்."