கொரியக் கால்பந்துக்கு ஆம்பூரில் கழித்த திருஷ்டி

வாயைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாதவன் ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேரக் கூடாது. சேர்ந்தாலும், வீடியோ காலில் பேசும்போது பார்ட்டியின் முதுகுக்குப் பின்னால் சுவரில் என்ன தொங்குகிறது என்று பார்க்கக் கூடாது. பார்த்தாலும் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது. நான் மூன்றையும் வரிசையாகச் செய்தவன்.

மெர்ச்சண்டைசர் என்றால், ஷூ வாங்குகிற வெளிநாட்டு பார்ட்டிக்கும் ஷூ செய்கிற கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கி இரண்டு பக்கத்துக்கும் பட்டுவாடா செய்கிற உத்தியோகம். ஆம்பூரில் பைபாஸை ஒட்டிய ஒரு கம்பெனியில் எனக்கு அந்த வேலை. எங்களுக்கு வழக்கமாக ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த பார்ட்டி விலகிப் போய்விட்டதால், இரண்டாவது ஸ்டிச்சிங் லைனில் மிஷின்களை எல்லாம் பிளாஸ்டிக் போட்டு மூடி வைத்திருந்தோம். அந்த லைன் பெண்களை வாரத்தில் பாதி நாள்தான் வேலைக்குக் கூப்பிட முடிந்தது. அப்போதுதான் பார்க் என்கிற கொரியாக்காரர் விசாரித்து வந்தார்.

முதலாளி பாய் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஜெயசீலா, இந்தப் பார்ட்டிய விட்டுடாத. அவரு போனாருன்னா, அவரு ஏர்போர்ட்டுக்குப் போற டாக்ஸிலயே நீயும் ஏறிக்க."

பார்க் சிரிக்காதவர். லெதர், சோல், டெலிவரி தேதி என்று மூன்று விஷயங்களைத் தவிர வேறு பேசாதவர். ஒரு நாள் வீடியோ காலில் அவருக்குப் பின்னால் சிவப்பாக ஒரு துண்டு தொங்கியது. என் வாய் அரித்தது.

"சார், அது என்ன?"

"எங்கள் ஊர் கால்பந்து அணியின் துண்டு. இரண்டாம் டிவிஷன். கொரியாவிலேயே நிறையப் பேருக்குத் தெரியாது" என்றார்.

"தெரியாமல் என்ன சார்! நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்!" என்றேன்.

(எனக்கும் கால்பந்துக்கும் இருந்த உறவு, பள்ளிக்கூடத்தில் ஒருமுறை பந்து என் மூக்கில் பட்டதோடு முறிந்துவிட்டது.)

அந்தக் கணத்தில் பார்க்கின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் பொய்யை வாபஸ் வாங்கியிருக்க மாட்டீர்கள். துண்டைக் கழற்றி கேமரா முன் விரித்துக் காட்டினார். எங்கள் தொழிலில் செர்ரி என்போமே, அந்தச் சிவப்பு. சீசன் தொடங்கப் போகிறது, ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றார்.

அப்படித்தான் கொரிய இரண்டாம் டிவிஷனில் ஒரு முழு சீசன் என் தலையில் விழுந்தது.

அவர்களுக்கு மத்தியானம் என்றால் நமக்குக் காலை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் சரியாகச் சர்ச் நேரத்தில் வந்து நிற்கும். பாட்டுப் புத்தகத்துக்குள் போனை வைத்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். ஒருமுறை சிவப்பு கோல் போட்டதும் "அல்லேலூயா!" என்று எழுந்துவிட்டேன். போதகர் அப்போது கல்லறைத் தோட்டத்துச் சுவர் இடிந்து விழுந்த செய்தியை அறிவித்துக்கொண்டிருந்தார். என் மனைவி மெர்சி பள்ளி ஆசிரியை. அன்று அவள் என் தொடையில் கிள்ளிய இடம் எங்கள் கம்பெனி லெதரைவிட அடர்த்தியான நிறத்துக்கு வந்தது.

சத்தம் இல்லை. எழுத்தெல்லாம் கொரிய எழுத்து. எனக்குத் தெரிந்தது நிறம் ஒன்றுதான். எங்கள் தொழிலில் நிறம் என்பது வேதவாக்கு. பார்ட்டி ஒரு லெதர் துண்டைப் பார்த்து, பின்பக்கம் கையெழுத்துப் போட்டு அப்ரூவ் செய்துவிட்டால் அதுதான் நிறம். அதிலிருந்து இம்மி நகர்ந்தாலும் சரக்கு திரும்பிவிடும். ஆக, பார்க் டீம் என்றால் சிவப்பு. முடிந்தது.

வெளியூர் மைதானத்தில் ஆடும்போது ஒரு டீம் வேறு நிறச் சட்டை போட்டுக்கொள்ளும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சொந்த ஊரில் சிவப்பாக ஆடிய பார்க் டீம், வெளியூருக்குப் போனால் வெள்ளைக்கு மாறிவிடுமாம். அந்தந்த ஊர் டீம்களில் பல சிவப்பாக இருந்து தொலைத்தன. நான் என் பாட்டுக்கு அந்தச் சிவப்பை ஆதரித்துக்கொண்டிருந்தேன். போன வாரச் சிவப்பைவிட இந்த வாரச் சிவப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் தெரிந்தது. சாயம் போட்ட லாட் வேறாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சிவப்பே இல்லாத ஆட்டம் வந்தால் பார்க் அனுப்பிய லிங்க் தப்பு என்று முடிவுகட்டி, "சார், ஆலங்காயம் பக்கம் ஒரு கல்யாணம், டவர் கிடைக்கவில்லை" என்று அனுப்பிவிடுவேன். (அந்த வருடம் ஆலங்காயத்தில் ஏகப்பட்ட கல்யாணம்.)

கூகுளில் தேடிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கண்ணால் பார்த்ததை யாராவது கூகுளில் சரிபார்ப்பார்களா?

ஆக, பார்க்கின் டீம் வெளியூரில் அடி வாங்கிய அன்றெல்லாம் நான் பட்டாசுப் படத்தோடு "பிரமாதம் சார்! கொண்டாடுங்கள்!" என்று அனுப்பினேன். ஜெயித்த அன்றெல்லாம் "மனம் தளர வேண்டாம் சார், காலம் மாறும்" என்று ஆறுதல் சொன்னேன். ரொம்ப நேரம் பதில் வராது. அப்புறம், "நன்றி. நீங்கள் வித்தியாசமான ரசிகர்" என்று வரும். அதைப் படித்துவிட்டு மெர்சியிடம் நீட்டுவேன்.

"பாத்தியா? வித்தியாசமான ரசிகராம்."

"இங்கயும் அப்டிதான் பேச்சு" என்பாள் மெர்சி.

சாம்பிளைப் பார்த்து முடிவு சொல்ல வருடக் கடைசியில் வருவதாக பார்க் டிக்கெட் போட்டார். அவர் டிக்கெட் போட்டபோது அவருடைய டீம் பட்டியலின் அடியில் கிடந்தது. அதற்கப்புறம் என்ன சாப்பிட்டார்களோ, விறுவிறுவென்று மேலே ஏறினார்கள். முதல் டிவிஷனுக்குப் போவதற்கான தகுதிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டார்கள். அந்த ஆட்டம் எதிரணியின் ஊரில், சனிக்கிழமை. பார்க் ஆம்பூரில் இருக்கிற அதே சனிக்கிழமை.

"இங்கயே பாத்துக்கட்டும். பெரிய திரை போடு. சாப்பாட்டு நேரம்தானே, ரெண்டாவது லைன் பொம்பளைங்கள எல்லாம் கூப்ட்டு உக்கார வை. பார்ட்டி மனசு குளுந்துடணும்" என்றார் பாய்.

மனசைக் குளிர வைக்கும் பொறுப்பு என்னுடையது. மீட்டிங் ஹாலில் பலூன், ரிப்பன், மேசை விரிப்பு எல்லாம் சிவப்பு. காலையிலேயே மைக்கைப் பிடித்து, "சிவப்புதான் நம்ம டீம்! சிவப்பு கோல் போட்டா கூரை பிச்சிக்கணும்!" என்று ஒத்திகையும் பார்த்துவிட்டேன்.

பார்க் உள்ளே நுழைந்தார். சிவப்பைப் பார்த்ததும் கண் கலங்கி, ஒவ்வொருவருக்கும் குனிந்து குனிந்து வணக்கம் வைத்தார்.

"இந்தாளு வணக்கம் வெச்சே இடுப்ப ஒடிச்சிக்குவாரு போலயே" என்றார் கஸ்தூரியக்கா. பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். இரண்டாவது லைனின் சூப்பர்வைசர். லைன் ஓடினாலும் மூடினாலும் அவர் வாய் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆட்டம் தொடங்கியது. சிவப்பும் வெள்ளையும். கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு கோல் போட்டது.

"கோல்!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து பார்க்கைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டேன். ஹாலே எழுந்து குதித்தது. விசில் பறந்தது. பாய் கை தட்டினார். பார்க் மட்டும் என் கைகளில் மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தார்.

"ஜெய்," என்றார் மெதுவாக. "கோல் போட்டது அவர்கள்."

"எவர்கள் சார்?"

"எதிரணி. நாங்கள் வெள்ளை."

அனுப்பிய பட்டாசுப் படங்கள் எல்லாம் கண்முன் வந்து வெடித்தன. பிளாஸ்டிக் மூடிய மிஷின்கள் தெரிந்தன. ஏர்போர்ட் டாக்ஸி தெரிந்தது. டிரைவர் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் இந்த நிலையில் உண்மையைச் சொல்லலாம். அல்லது நானாக இருக்கலாம்.

"தெரியும் சார்," என்றேன். "இது எங்கள் ஊர் வழக்கம். திருஷ்டி! கண் பட்டுவிடும். அதனால் நம் வீட்டில் நல்லது நடந்தால் முகத்தைத் தொங்கப் போடுவோம். எதிராளிக்கு நல்லது நடந்தால் குதித்துக் கொண்டாடுவோம். கண்ணெல்லாம் அவன் மேல் போய்விடும். காலையில் எதிர் வீட்டு மாடியில் ஒரு பூதப் பொம்மையைப் போட்டோ எடுத்தீர்களே, அதே கணக்குதான்!"

(எங்கள் போதகர் கேட்டிருந்தால் என்னை அந்தக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருப்பார்.)

எதிர்பாராத இடத்திலிருந்து ஆதரவு வந்தது. "யெஸ், யெஸ்! நஸர்! வெரி டேஞ்சர்!" என்றார் பாய். திருஷ்டிக்கு அவர்கள் வீட்டில் அதுதான் பெயர்.

பார்க் யோசித்தார். மெல்ல வாய் திறந்தது. "அதனால்தான் நாங்கள் தோற்றபோதெல்லாம் பட்டாசு அனுப்பினீர்களா?"

"அதேதான் சார்!"

"ஜெயித்தபோது ஆறுதல்?"

"கண் பட்டுவிடக் கூடாதே சார்!"

என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. ஓடிப் போய்க் கஸ்தூரியக்காவின் காதில் புது உத்தரவைச் சொன்னேன்: "வெள்ளை கோல் போட்டா எல்லாரும் சோகமா இருக்கணும்."

"இன்னா சார், காலைல ஒண்ணு சொல்றீங்க, இப்போ ஒண்ணு சொல்றீங்க?"

"சொன்னதச் செய்யுங்கக்கா, லைன் தொறக்கணும்."

இரண்டாம் பாதியில் வெள்ளை கோல் போட்டது. அந்த மாதிரி ஒரு கோல் கொண்டாட்டத்தை உலகம் பார்த்திருக்காது. பெண்கள் எல்லாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி விசும்பினாள். பாய் கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றினார். நடுவில் பார்க், சந்தோஷத்தில் உடம்பெல்லாம் நடுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு, வழக்கத்தை மதித்து முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்.

ஆனால் சமன் போதாது. சமனில் முடிந்தால் பட்டியலில் மேலே இருக்கிற டீமுக்குத்தான் வாய்ப்பு; எவ்வளவு ஏறியும் எதிரணிக்குக் கீழேதான் இருந்தது பார்க் டீம். அவர்கள் ஜெயித்தே ஆக வேண்டும். கடைசி நிமிடங்கள். நெற்றியில் பட்டை கட்டிய ஒரு வெள்ளைச் சட்டைப் பையன் விழுந்து எழுந்து ஓடிக்கொண்டே இருந்தான். சீசன் முழுக்க, வெளியூர் ஆட்டங்களில், நான் வாயாரத் திட்டிய அதே பையன். ஓரத்திலிருந்து வந்த பந்தை அவன் எம்பித் தலையால் முட்டினான். எனக்கு லைனும் மறந்தது, திருஷ்டியும் மறந்தது. "போடுறா கண்ணு!" என்று அலறினேன். பந்து மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. விசில் ஊதிவிட்டார்கள்.

பார்க் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாக, அது நடிப்பில்லை.

அப்போதுதான் கஸ்தூரியக்கா எழுந்தார்.

"சார், செவப்பு நம்ம டீமுன்னீங்க, குதிச்சோம். வெள்ளை கோல் போட்டா அழுவுங்கன்னீங்க, அழுதோம். இப்போ வெள்ளை போச்சுன்னு நீங்களே குந்தினு அழுவுறீங்க. இத்தினி மாசமா பாத்தீங்களே, நம்ம டீமு எதுன்னாச்சும் உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"அவர் என்ன சொல்கிறார்?" என்றார் பார்க்.

நான் வாயைத் திறப்பதற்குள், தன் ஆங்கிலத்தைக் காட்டக் கிடைத்த வாய்ப்பைப் பாய் விடவில்லை. ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்துவிட்டார். கடைசி வார்த்தை வந்தபிறகுதான் என்ன செய்திருக்கிறோம் என்பது அவருக்கே உறைத்தது.

பார்க் மேசையிலிருந்த சாம்பிள் லெதரை எடுத்தார். கையெழுத்துக்காக வைத்திருந்த துண்டு.

"ஒரு சீசன் முழுக்க, என் டீம் எது என்று உங்களுக்குத் தெரியவில்லை. சிவப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதவரை நம்பி என் ஷூவின் நிறத்தை எப்படி ஒப்படைப்பது?"

என்னிடம் பொய் தீர்ந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறை. தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அதனால் உண்மை வெளியே வந்துவிட்டது.

"சார், நிறம் மாறியது உங்கள் டீம். நான் மாறவில்லை. முதல் நாள் கேமராவில் நீங்கள் ஒரு சிவப்பைக் காட்டினீர்கள். அதை அப்ரூவ்டு சாம்பிளாக எடுத்துக்கொண்டேன். உங்கள் பிளேயர்களே சட்டையை மாற்றிக்கொண்டார்கள். நான் கடைசிவரை அந்தச் சிவப்பை விடவில்லையே சார்!"

பார்க் என்னைப் பார்த்தார். சிவப்புப் பலூன்களைப் பார்த்தார். அப்புறம், வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து, மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று புரியாத பாய், எதற்கும் இருக்கட்டும் என்று, வழக்கப்படி கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்து பார்க்குக்குப் புரையேறிவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் லெதரைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த வருடமும் நாங்கள் இரண்டாம் டிவிஷன்தான். சேர்ந்து பார்ப்போம்" என்றார். கஸ்தூரியக்கா என் பக்கம் குனிந்து, "சார், இப்போ நாங்க சிரிக்கணுமா, அழுவணுமா?" என்று கேட்டார். சிரிக்கச் சொன்னேன். கூரை பிய்த்துக்கொண்டது.

பொங்கல் கழிந்து இரண்டாவது லைனின் பிளாஸ்டிக்கைக் கழற்றினோம். இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பார்க்கிடமிருந்து ஒரு வரி வரும்: "ஜெய், இன்று வெள்ளை." நெற்றிப் பட்டைப் பையன் இந்த வருடம் நன்றாக ஆடுகிறான். இந்தமுறை மேலே போய்விடுவார்கள் என்றுதான் தோன்றுகிறது. (பார்க்கிடம் சொல்லவில்லை. கண் பட்டுவிடும்.)

ஆனால் இந்த வழக்கம் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. மெர்சியின் கை தவறிக் குழம்புச் சட்டி விழுந்தால் நானும் மகள் நிவேதாவும் எழுந்து நின்று கை தட்டுவோம். என் ஸ்கூட்டர் பஞ்சரானால் மெர்சி வாசலுக்கே வந்து விசில் அடிப்பாள். நல்லது நடந்தால்தான் இழவு வீடு.

போன மாதம் பிளஸ் டூ ரிசல்ட். நிவேதா அவள் பள்ளியிலேயே முதலாவதாக வந்திருந்தாள். மூவரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து, தலையைத் தொங்கப் போட்டு, மெர்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, முறைப்படி கொண்டாடிக்கொண்டிருந்தோம். ரிசல்ட் கேட்க வந்த பக்கத்து வீட்டு நர்சம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். மெதுவாக உள்ளே வந்து நிவேதாவின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"விடும்மா. அடுத்த மாசமே மறுபடி எழுதிக்கலாம். ஒரு பாடமா, ரெண்டு பாடமா?"