ஆட்டுக்கல் ஏறிய ராக்கெட்

இந்த நாட்டில் தனியார் ராக்கெட் கம்பெனியை முதன்முதலில் தொடங்கியவர் யார் என்று யாராவது கேட்டால், பெரிய ஊர்ப் பெயர் எதையும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் ராஜபாளையத்துச் சேர்மன் கோபித்துக்கொள்வார். எண்பதுகளின் கடைசியிலேயே தன் பம்புசெட் ரிப்பேர் ஷெட்டில் போர்டு மாட்டி, பூசணிக்காய் உடைத்து, வேலையாள் ஒருத்தர்கூட இல்லாமல் ஐந்து டைரக்டர்களை நியமித்து முடித்துவிட்டார் மனுஷன். ராக்கெட் ஒன்றுதான் பாக்கி.

அவர் முனிசிபல் சேர்மன் இல்லை. வார்டு தேர்தலில்கூட நின்றதில்லை. கம்பெனி என்றால் சேர்மன் வேண்டும், சேர்மன் என்றால் சுழல் நாற்காலி வேண்டும் என்று சொல்லி, மூடிப்போன ஒரு சலூனிலிருந்து நாற்காலியைத் தூக்கி வந்து ஷெட் நடுவில் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் சொந்தப் பெயர் ஊருக்கு மறந்துபோயிற்று. முக்கியமான முடிவு எடுக்கும்போது தலையை நன்றாகப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். வெளியூர்க்காரர் ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த ஷேவிங் நமக்குத்தான் என்று வெகு நேரம் பெஞ்சில் காத்திருந்தார்.

நான் அப்போது ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். ஷெட்டை ஒட்டிய அறையில் குடியிருந்தேன். அந்த ஒரே தகுதியில் என்னை விளம்பர டைரக்டர் ஆக்கினார். எதிர் டீக்கடை ராமண்ணா ஊரெல்லாம் மண்ணெண்ணெய்க்கு அலைகிற காலத்திலும் ஸ்டவ் அணையாமல் பார்த்துக்கொள்வார். அவர் எரிபொருள் டைரக்டர்.

“சின்ன ராக்கெட் விடுறது தீபாவளிச் சமாச்சாரம் தம்பி. நம்ம கம்பெனி பாரம் தூக்குற கம்பெனி” என்பார் சேர்மன்.

“இந்த ஊர்ல இருந்து எப்படி அண்ணாச்சி?”

“என்ன அப்படிக் கேட்டுட்டீரு? மலையையே தூக்கிட்டு ஆஞ்சநேயர் போனது இந்த வழியாத்தான. அதுல கொஞ்சம் சிந்துனதுதான் அந்தா நிக்குற சஞ்சீவி மலை. பாரம் தூக்குறது நமக்குப் புதுசா?”

சரக்குச் சிந்தாமல் கொண்டுபோவதுதான் பாக்கி வேலை என்பது அவர் கணக்கு. அதனால் எஞ்சினுக்குச் சஞ்சீவி என்றே பெயர் வைத்தார்.

சஞ்சீவி ஒன்று பற்றவைத்ததும் புகையாய்க் கக்கியது. கொசு மருந்து அடிக்கிற வண்டி வந்துவிட்டது என்று தெரு முழுக்க ஜன்னலைச் சாத்தினார்கள். மறுநாளே, அதைவிட இரண்டு பங்கு பெரிய சஞ்சீவி இரண்டு வரப்போவதாக டீக்கடையில் அறிவித்தார். அது பற்றவே இல்லை. உடனே அதைவிடப் பெரிய சஞ்சீவி மூன்று அறிவிக்கப்பட்டது.

“அண்ணாச்சி, சின்னதே கெளம்பலையே?” என்று நான் வாயைக் கொடுத்தேன்.

“அதனாலதான்யா பெருசு பண்றோம். சின்னது படுத்துட்டா ‘இதுகூட முடியலையா’ம்பாவ. பெருசு படுத்துட்டா ‘எம்புட்டுப் பெரிய முயற்சி’ம்பாவ.”

இப்போதெல்லாம் கோட்டுப் போட்டவர்கள் மேடையில் நின்று இதையே இங்கிலீஷில் சொல்லக் கேட்கிறேன். கைதட்டுகிறார்கள்.

வாடிக்கையாளர் பிடிக்க ஒருநாள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ஒரு பால்கோவாக் கடைக்காரரிடம் சேர்மன் நெடுநேரம் பேசினார். அடுப்பிலிருந்து இறக்கின பால்கோவா சூடு ஆறுமுன் டில்லியில் இருக்கும் என்றார். கடைக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“மேல போயிரும்ங்கிறீரு, சரி. கீழ வருமா?”

“எது?”

“ஏத்துன பால்கோவாதான்வே.”

“அது ரெண்டாவது கட்டம்” என்றார் சேர்மன், கொஞ்சமும் அசராமல். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் மடியில் ஒரு பொட்டலம் பால்கோவா இருந்தது. கம்பெனியின் முதல் ஆர்டர் என்று அதை யாரையும் பிரிக்க விடவில்லை. நேரே வீட்டுக்குக் கொண்டுபோய் மதினி, அதாவது தன் மனைவி, கையில் கொடுத்தார்.

மதினியைச் சொல்லாமல் சேர்மனைச் சொல்ல முடியாது. ராக்கெட் வந்த நாளிலிருந்து ரிப்பேருக்கு வந்த பம்புசெட்டெல்லாம் ஷெட் வாசலில் மழையில் நனைந்து கிடந்தன. விவசாயிகள் வந்து திட்டிவிட்டுப் போவார்கள். மதினிதான் வீட்டில் உட்கார்ந்து கூலிக்குப் பேண்டேஜ் துணி மடித்துக் கொடுத்து அடுப்பு எரித்தார். ஷெட் நின்ற இடமோ, கான்சாபுரத்திலிருந்த அவர் அப்பா சீராகக் கொடுத்தது. பேண்டேஜ் துணித் தறி போட்டிருந்த அவர் தம்பிக்கு ரொம்ப நாளாக அதன்மேல் ஒரு கண்.

“அக்கா, அத்தான் வானத்துல இடம் பிடிச்சுக்கிடட்டும். இந்தத் தரைய எனக்குக் குடு” என்று வந்து நின்றார்.

மதினி புருஷனைப் பார்த்தார். “ஏங்க, உங்க ராக்கெட்டு எம்புட்டுப் பாரம் தூக்கும்?”

“என்ன வேணும்னாலும் தூக்கும்” என்றார் சேர்மன்.

“நம்ம ஆட்டுக்கல்லத் தூக்குமா?”

சேர்மன் நாற்காலியில் தலையைச் சாய்த்தார். “தூக்கும்.”

“அப்படின்னா இதுதான் பேச்சு. சித்திரை பொறக்குறதுக்குள்ள அது ஒரு சாண் தூக்கிட்டா, ஷெட்டு உங்களுக்கு. தூக்கலைன்னா தம்பிக்கு. பொறவு ராக்கெட்டுங்கிற சொல்லே இந்த வீட்டுல கேக்கப்படாது.”

மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்குத்தான் அவர் பயந்து பார்த்தேன். எனக்கே ஐயோ என்றிருந்தது. மறுநாள் முதல் டீக்கடைக்குக்கூட வரவில்லை. அறிவிப்பு ஒன்றும் இல்லை. உள்ளே வெல்டிங் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

பங்குனிக் கடைசியில், ஷெட்டுக்குப் பின்னால் வறண்டு கிடந்த கண்மாயில் சோதனை. மில்லில் கழித்துப் போட்ட இரும்புக் குழாய்தான் ராக்கெட். உள்ளே, பட்டாசு ஆலைக்காரர் ஒருத்தர் தைரியமாகக் கொடுத்த மருந்து. மூக்கில் கம்பி வலை போட்டு, நாலு பேர் முக்கி முனகி ஆட்டுக்கல்லை ஏற்றிக் கட்டினார்கள். சைக்கிள் ஸ்டாண்டு மாதிரி ஒரு தாங்கி தயாராக இருந்தது. நிமிர்த்தி வைத்துத் திரியைக் கொளுத்த வேண்டியதுதான்.

“எலுமிச்சம்பழம் எங்க?” என்றார் சேர்மன்.

எங்கள் பக்கம் புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் நகர்த்த மாட்டார்கள். சைக்கிளுக்கும் அதேதான். ராக்கெட்டுக்குச் சக்கரம் இல்லையே என்றேன். “வைப்போம்” என்றார். மில்லில் பஞ்சுப் பேல் தள்ளுகிற நாலு சக்கர டிராலி வந்தது. ராக்கெட்டை அதன்மேல் படுக்கவைத்து இறுக்கிக் கட்டினார்கள். நாலு சக்கரத்துக்கும் நாலு பழம். பூசை முடிந்ததும் அவிழ்த்து நிமிர்த்துவதாக ஏற்பாடு.

சேர்மன் ஒரு டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் விசிலோடு ஏறி நின்றார். மதினி என் பக்கத்தில், கருவேல மர நிழலில். சேர்மனின் மச்சினர், அதான் மதினியின் தம்பி, கொஞ்சம் தள்ளி. எரிபொருள் டைரக்டர் ராமண்ணா கற்பூரத்தட்டோடு வந்தார். எந்த வண்டிக்குப் பூசை போட்டாலும் முன்னால் காட்டி, சக்கரத்துக்குக் காட்டி, பின்னாலும் காட்ட வேண்டும். பக்திமான். ஒன்றையும் விடவில்லை. பின்பக்கம் போய், திரி தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் நின்று, நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றினார்.

“ஓரி தேவுடா!” என்று அவர் தெலுங்கில் அலறிய சத்தம்தான் கேட்டது. தட்டு ஒரு பக்கம், ராமண்ணா ஒரு பக்கம். சஞ்சீவி மூன்று உறுமிக்கொண்டு நாலு எலுமிச்சம்பழத்தையும் முறைப்படி நசுக்கிவிட்டு, ஆட்டுக்கல்லோடு கண்மாய்க்குள் பாய்ந்தது. மச்சினர் “யாத்தே!” என்று முதுகைக் காட்டி ஓடினார். ஒரே புழுதி, ஒரே புகை. எதிர்க்கரையில் ஏறி மோதிய சத்தத்தில் கருவேல மரத்துக் காக்கைகள் அத்தனையும் பறந்தன. அன்றைக்கு ஆகாயத்துக்குப் போனது அவை மட்டும்தான்.

புகை அடங்கியதும் மச்சினர் எதிர்க்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

“தூக்கலக்கா. உருண்டுதான் போயிருக்கு. ஷெட்டுச் சாவியக் குடு.”

சேர்மன் டிரம்மிலிருந்து இறங்கினார். இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து நீட்டினார்.

“செத்த இருங்க” என்றார் மதினி. “ஏலே, யாரு தூக்கலைன்னா? கரை ஏறையில ஒரு சாண் தூக்குச்சு. நான் பாத்தேன்.”

“என்னக்கா சொல்லுத? ஆட்டுக்கல்லு ரெண்டா ஒடஞ்சு கெடக்கு.”

“மேல தூக்கிக் கீழ போடாம கல்லு எப்படிலே ஒடையும்? நீதான் முதுகக் காட்டி ஓடுனியே, நீ என்னத்தக் கண்ட?”

மச்சினர் என்னைப் பார்த்தார். மதினியும் என்னைப் பார்த்தார். “விளம்பர டைரக்டர் தம்பி, நீங்களே சொல்லுங்க. ஒரு சாண் இருக்கும்ல?”

“கூடவே இருக்கும் மதினி” என்றேன். கம்பெனியில் நான் செய்த ஒரே உத்தியோகம் அது.

ஷெட் சேர்மனுக்கே நின்றது. நியாயமாக அவர் இன்னும் பெரிதாகச் சஞ்சீவி நாலை அறிவித்திருக்க வேண்டும். அறிவித்தார். ஆனால் ஷெட்டைவிட்டு வெளியே வந்த சஞ்சீவி நாலு, மாவாட்டுகிற கிரைண்டர். பழைய பம்புசெட் மோட்டாரில் அவரே செய்தது. ஓடினால் வீடே அதிரும். என்றாலும் மாவு நைசாக அரையும். வாசலில் கிடந்த பம்புசெட்டுகளும் ஒவ்வொன்றாக ரிப்பேராகித் தோட்டங்களுக்குப் போய்ச்சேர்ந்தன. உடைந்த ஆட்டுக்கல்லில் ஒரு பாதியை மட்டும் ஷெட் வாசலில் நட்டு, பொட்டு வைத்து, ‘விண்வெளி சென்று திரும்பியது’ என்று பெயின்டில் எழுதிவைத்தார்.

மாற்றலாகி நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, சலூன் நாற்காலியில் என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். இனி எப்போது பார்ப்போமோ என்ற நினைப்பில், மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

“அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. அன்னைக்கு நான் மதினி பக்கத்துலதான் நின்னேன். அவிய ரெண்டு கையாலயும் கண்ணப் பொத்திக்கிட்டுல்லா இருந்தாவ?”

சேர்மன் தலையைச் சாய்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“தெரியும் தம்பி. நீங்கள்லாம் ராக்கெட்டப் பாத்திய. நான் அவளத்தான பாத்துட்டு இருந்தேன்.”

இன்றைக்கும் பேப்பரில் பாரம் தூக்கும் புது ராக்கெட் என்று ஏதாவது வந்தால், அது எத்தனை டன் தூக்கும் என்பதை நான் படிப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு யாராவது நிற்கிறார்களா என்றுதான் படத்தில் தேடுகிறேன்.